தங்கையின் ஏலக்காய் ஜடை

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டு வந்த என் தங்கை, ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“அக்கா, காதுக்குப் பின்னாடி என்னமோ வழவழன்னு இருக்கு. என்னன்னு பாரேன்.”

முடியை ஒதுக்கிப் பார்த்தேன். இடது காதுக்குச் சற்று மேலே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடியே இல்லை. புண் இல்லை, பொடுகு இல்லை, சொறிந்த தடம்கூட இல்லை. பிறந்த குழந்தையின் உள்ளங்கால் போலத் தோல் பளபளத்தது. சுற்றிலும் விரலை வைத்துப் பார்த்தபோது நாலைந்து முடிகள் வேரோடு கையில் வந்தன. அவள் பார்க்காதபடி அவற்றைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

“கிளிப்பு அழுத்தியிருக்கும்,” என்றேன்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம். அன்றைக்கு நான் சொன்னதுதான் முதல் பொய். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மூன்று பேரும் மாறி மாறிச் சொன்ன பொய்களுக்கு அளவில்லை.

மூன்று பேர் என்றால் அம்மா, நான், தங்கை. அப்பா நாங்கள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே இறந்துவிட்டார். அம்மா போடியில் ஓர் ஏலக்காய்க் கடைக்குக் காய் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தாள். மலையிலிருந்து வந்து இறங்கும் காயைத் தரையில் பரப்பி, பெரியதும் பச்சை மாறாததும் ஒரு பக்கம், வெடித்ததும் வெளுத்ததும் மறு பக்கம் என்று பிரிக்கிற வேலை. தங்கை ஒரு துணிக்கடையில் பில் போட்டாள். நான், கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அது ஏன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

வந்த புதிதில் வெளியே இறங்கக் கூசிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். போனில் மணப்பெண் அலங்கார வீடியோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏன் அதையே பார்த்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒருநாள் பார்த்ததைச் செய்துதான் பார்ப்போமே என்று வாழைநாரும் மல்லிகை மொட்டும் வைத்து ஒரு பூ ஜடை தைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் சடங்குக்கு அதை வைத்தார்கள். அதிலிருந்து ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். பூ ஜடை, முத்து ஜடை, பட்டு நூல் சுற்றிய வளையல், ஆரத்தித் தட்டு என்று கைக்கு வேலை வந்துகொண்டே இருந்தது.

ஆனால் எதையும் நானே போய் மணப்பெண்ணுக்கு வைத்துவிட்டதில்லை. புருஷனை விட்டு வந்தவள் கல்யாணப் பெண்ணின் தலையைத் தொடக்கூடாது என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. “நீ எதுக்குத்தா வெயில்ல அலைஞ்சுக்கிட்டு? நாங்களே வச்சுக்கிறோம்,” என்று பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு போட்டோ அனுப்புவார்கள். ஜடையைக் காட்ட எடுத்தது என்பதால் எல்லாமே பின்னாலிருந்து எடுத்ததாக இருக்கும். எத்தனையோ மணப்பெண்களின் முதுகு எனக்குத் தெரியும். முகம் தெரியாது.

தங்கைக்கு ஆவணியில் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை போடிமெட்டைத் தாண்டி ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். வாரம் ஒரு தடவை ஜீப்பில் இறங்கி வருவார். மேலே மலையாளம் பேசுகிறவர்களோடு பழகிப் பழகி, பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் “சாரமில்ல” என்பார். தங்கை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்து ஆளாக்கியது அவருடைய அக்காதான். ராசிங்காபுரத்தில் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். எந்தப் பேச்சையும் சுற்றி வளைக்கத் தெரியாதவர். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன்.

நிச்சயத்தன்று மதினி, தங்கையின் பின்னலைத் தூக்கிக் கையில் ஏந்திப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல்.

“இந்த முடியப் பாத்துத்தான் எனக்குப் புடிச்சே போச்சு,” என்றார். பிறகு போனில் ஒரு படத்தைக் காட்டினார். எந்த ஊர்க் கல்யாணமோ தெரியாது. மணப்பெண்ணின் பின்னல் நீளத்துக்கும் ஏலக்காயைப் பூப்பூவாகக் கோத்து, ஒவ்வொரு பூவின் நடுவிலும் சிவப்புக் கல் பதித்திருந்தார்கள்.

“எந்தம்பி சாப்பிடுற சோறு ஏலக்காயில இருந்து வருது. அவன் பொண்டாட்டி இப்பிடி ஒரு ஜடை போட்டு மணவறைக்கு வரணும்னு எனக்கு ஆச. ஒங்க மூத்தவளுக்கு இதெல்லாம் கைவந்த வேலையாமே. அவளே செய்யட்டும்.” இதைச் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் அம்மாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். “வைக்கிறத மட்டும் நானே என் கையால வச்சுவிடுறேன். தப்பா நெனைச்சுக்கிறாதீங்க அத்தை.”

அம்மா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். வழக்கமானதுதானே என்றிருந்தது.

ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு வழுக்கை மூன்றானது. தீபாவளிக்கு முதல் நாள் உச்சந்தலையில் நாலாவது வந்தது. தேனியில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். புழுவெட்டு என்றார்.

“உயிருக்கு ஒண்ணும் பண்ணாது. திரும்ப மொளைக்கும்.”

“எப்ப சார்?” என்றேன்.

“அதச் சொல்ல முடியாதும்மா. ஆறு மாசமும் ஆகலாம். ரெண்டு வருஷமும் ஆகலாம்.”

தலையிலேயே ஊசி போட்டார். ஒவ்வொரு வழுக்கைக்கும் பத்துப் பன்னிரண்டு குத்து. ஒவ்வொரு குத்துக்கும் தங்கையின் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது. திரும்பும்போது பஸ்சில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “தையில கல்யாணம்னு நீ அவர்கிட்டச் சொல்லலையேக்கா. சொல்லியிருந்தா வேற மருந்து குடுத்திருப்பாரு.”

அப்படியெல்லாம் நம்புகிற நிலைக்கு வந்திருந்தாள். நாங்களும்தான். யார் எதைச் சொன்னாலும் செய்தோம். சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்த்தோம். அம்மா ஒரு நாள் வேலைக்குப் போகாமல் காட்டுப் பக்கமெல்லாம் அலைந்து ஆற்றுத்தும்மட்டிக் காய் கொண்டுவந்தாள். அதை வெட்டித் தேய்த்தால் முடி வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தேய்த்த இடமெல்லாம் கொப்புளித்துவிட்டது. தங்கை தலையணையில் தலை வைக்க முடியாமல் மூன்று நாள் சுவரில் சாய்ந்தே கிடந்தாள். டாக்டர் பார்த்துவிட்டுத் திட்டினார். கொப்புளம் ஆறுகிறவரை ஊசியும் போட முடியாது என்றார். எங்கள் கையாலேயே ஒரு மாதத்தைக் கெடுத்துக்கொண்டோம்.

கார்த்திகை முடியும்போது தலையில் பாதிதான் முடி இருந்தது. கடைக்குப் போகும்போது சுடிதார் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு போனாள். குளிருக்கு என்றாள். பிறகு கல்யாண வேலை இருக்கிறது என்று சொல்லி வேலையை விட்டுவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளக்கூடாது என்று அம்மா ஒரு சாத்திரம் சொல்லிவைத்ததால், வாரா வாரம் இறங்கி வந்தாலும் மாப்பிள்ளை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை போன் பண்ணுவார். மேலே ஒரு பாறையில் ஏறி நின்றால்தான் அவருக்கு டவர் கிடைக்கும். மழையோ காற்றோ, தவறாமல் கூப்பிடுவார். இவள் மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசுவாள். பேசும்போதே இன்னொரு கை தலையைத் தடவிக்கொண்டிருக்கும். பேசி முடித்து எழுந்து வந்தபின் நான் படியைக் கூட்டுவேன். அங்கே கிடக்கும் முடியை அம்மா பார்த்தால் அழுவாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் நான் ஆரம்பித்தேன். “அம்மா, அவுகளுக்குச் சொல்லிருவோம்.”

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“ஒண்ணு போயிட்டு வந்து உக்காந்திருக்கு. இதும் நின்னுபோச்சுன்னா அப்பறம் இந்த வாசல்ல எவன் வந்து நிப்பான்? ரெண்டு பொட்டப்புள்ளைகளையும் வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்? தாலி ஏறட்டும். அப்பறம் அவ புருஷன், அவ பாடு.”

நான் திரும்பி வந்ததுதான் இந்த வீட்டின் பலவீனம். அதனால்தான் தங்கை பயந்து கிடக்க வேண்டியிருக்கிறது. அம்மா சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் நினைத்தேன். தங்கையிடம் கேட்டபோது அவளும், “அம்மா சொல்றபடியே செய்வோம்க்கா,” என்றாள். அவள் முகத்தில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் ஒரு வெறியில் செய்ததுதான். இந்தக் கல்யாணம் நடந்தாக வேண்டும், அதை நடத்தப்போவது என் கை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு காலை, தங்கை கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“மிச்சத்தையும் வெட்டிரு. கொட்டிப் போறதுக்கு முன்னாடி சவுரி முடைய ஒனக்காவது ஒதவட்டும்.”

நான் முடியாது என்றேன். அவளே ஒரு கொத்தைப் பிடித்து வெட்டிவிட்டாள். கோணலாக, வேரோடு ஒட்டி. அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் கத்தரிக்கோலை வாங்கினேன். தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அவளை உட்காரவைத்து, கொத்துக் கொத்தாக நூல் கட்டி, நூலுக்கு மேலே வெட்டினேன். முடியின் வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் கலந்துவிட்டால் பிறகு சிக்கிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு கொத்தையும் ஒரே திசையில் வரிசையாக வைத்தேன். அம்மா அடுப்படியில் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் தங்கை கண்ணாடி பார்க்கப் போகவில்லை. நேராகப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த முடியையும், மாதக்கணக்கில் சீப்பிலிருந்து எடுத்துச் சேர்த்து வைத்திருந்ததையும் கொண்டு சவுரி முடைந்தேன். இரண்டு ஆணிக்கு நடுவில் நூலை இழுத்துக் கட்டி, ஏழெட்டு முடியாக எடுத்து அதில் முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதலில் முடைந்தது தண்ணீரில் நனைத்ததும் உருவிக்கொண்டு வந்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். கொசுவலைத் துணியை அவள் தலை அளவுக்குத் தொப்பியாகத் தைத்து, அதன்மேல் முடிச் சரங்களை வட்டம் வட்டமாகப் பொருத்தினேன். முன்நெற்றியில் வலை தெரியும் இடத்தை மறைக்க நெத்திச்சுட்டியை அகலமாகச் செய்தேன்.

ஏலக்காய் ஜடைக்கான காயை அம்மா கொண்டுவந்தாள். கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, ஒரே அளவாக, ஒரே பச்சையாக அவளே பொறுக்கியது. காய்ந்த காயில் ஊசி ஏற்றினால் வெடிக்கும். ஈரத் துணியில் சுற்றி வைத்துத் தோல் சற்று இளகியதும் கோத்தால் வெடிக்காது. எட்டுக் காய் ஒரு பூ. பச்சை வெல்வெட்டில் அந்தப் பூக்களை வரிசையாகத் தைத்து, நடுவில் சிவப்புக் கல் வைத்தேன். அத்தனை அழகான ஒரு பொருளை நான் அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்யவில்லை. வீடெல்லாம் ஏலக்காய் வாசம். தங்கைக்கு அந்த வாசமே பிடிக்காமல் போய்விட்டது. சாப்பாட்டைத் தள்ளி வைப்பாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். கண்ணாடியில் பார்த்தால் நிச்சயத்தன்று இருந்த அதே பெண். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான்தான் சொன்னேன்: “தாலி கட்டும்போது குனியுவல்ல, அந்த மாதிரி குனி.”

குனிந்தாள். ஜடையின் கனத்தில் தொப்பி முன்னால் சரிந்து கண்ணை மறைத்தது.

தங்கை அப்படியே குனிந்தபடியே இருந்தாள். நிமிரவில்லை. தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் அழுகிறாள் என்று தெரிந்தது.

காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் கொடுத்து, காதில் மாட்டும் மாட்டலோடு சேர்த்து இறுக்கினேன். சரியாக நின்றது. ஆனால் அந்த முடிச்சைப் போட எனக்கு மட்டும்தான் தெரியும். வேறு யார் கைபட்டாலும் கழன்றுவிடும். அதனால் கல்யாணத்தன்று மண்டபத்து அறையில் மதினி வருவதற்கு முன்பே நான் வைத்து முடித்துவிட வேண்டும், கேட்டால் நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா திட்டம் போட்டாள்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். நாங்கள் ஏழு மணிக்கெல்லாம் மண்டபத்துக்குப் போய் அறையைப் பூட்டிக்கொண்டோம். என் கை ஓடவில்லை. எலாஸ்டிக்கை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினேன். ஜடையை இன்னும் பொருத்தவே இல்லை, வெளியில் மதினியின் குரல் கேட்டது. முகூர்த்தச் சேலைத் தட்டோடு, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

“அவ சோடிச்சு முடிச்சுட்டாத்தா. சேலையக் குடுங்க, நான் உள்ள குடுத்துர்றேன்,” என்று அம்மா சொன்னாள்.

“முடிச்சுட்டாளா? ஜடை யாரு வச்சா?”

அம்மா சேலைத் தட்டை வாங்கக் கையை நீட்டினாள்.

“உள்ள யாரு, மூத்தவளா?”

நான் கதவைத் திறந்து வெளியே வந்து, பின்னாலேயே சாத்திக்கொண்டு நின்றேன். “நான்தான் மதினி. கல்லு வச்ச ஜடை, பழகின கை வேணும்னுதான்...”

“ஒன்னத் தொட வேணாம்னு நான் ஏன் சொன்னேன்னு ஒனக்குத் தெரியாதா? ஒன் வாழ்க்க மாதிரியே அவ வாழ்க்கையும் போகணுமா? தள்ளு. எல்லாத்தையும் எடுத்துட்டு நானே முதல்ல இருந்து பின்னி விடுறேன்.”

கூடத்தில் இருந்த பெண்களெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். எனக்கு அவர் சொன்னது உறைக்கவே இல்லை. எல்லாத்தையும் எடுத்துட்டு என்று சொன்னாரே, அது மட்டும்தான் காதில் விழுந்தது. சட்டென்று கீழே விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்.

“வேணாம் மதினி. இன்னைக்கு மட்டும் விட்டுருங்க. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

“என்னடி இது? எதுக்கு இப்பிடி?” அவர் பின்வாங்கினார். கோபம் போய் அவர் குரலில் பயம் வந்திருந்தது.

எனக்குப் பின்னால் கதவு திறந்தது.

“அக்கா, எந்திரி,” என்றாள் தங்கை.

வலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். தலையில் அங்கங்கே கட்டையாக நின்ற மயிரும் வழுக்கையும் கொப்புளம் ஆறிய தடமுமாக, நெற்றியில் சுட்டியின் அச்சு மட்டும் பதிந்திருக்க, நேராக மதினியைப் பார்த்தாள்.

“பாத்துக்கங்க மதினி. இதுதான்.”

மதினியின் கையில் தட்டு சாய்ந்தது. குங்குமச் சிமிழ் உருண்டு விழுந்தது. அடுத்த கணம் அவர் தங்கையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். போனவர் முதலில் செய்த காரியம், கூட்டம் எட்டிப் பார்ப்பதற்குள் கதவைச் சாத்தியதுதான். நானும் உள்ளே நுழைந்துகொண்டேன்.

“எத்தன நாளா?”

“புரட்டாசியில இருந்து.”

“எந்தம்பிக்குத் தெரியுமா?”

தங்கை இல்லையென்று தலையசைத்தாள். மதினி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் தட்டு அப்படியே இருந்தது.

“நானும் ஒரு பொம்பளதானே? எங்கிட்டக்கூடச் சொல்ல முடியாத அளவுக்கு நான் என்ன பேயா, பிசாசா?” என்றார். பிறகு தம்பிக்குப் போன் பண்ணினார்.

மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு வந்தார். கதவருகே நின்று பார்த்தார். தங்கை தலையை மறைத்துக்கொள்ளவில்லை.

“நேத்துக்கூட ஒரு மணி நேரம் பேசுனியே,” என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் கழிந்த நேரத்தை நான் எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். பத்து மணி ஆனது. பத்தேகால். அம்மா அறைக்கு வெளியே சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், யாரோ அவளை அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி. பத்தரைக்கு மேளம் நின்றது. அந்த நிசப்தத்தில் யாரோ பந்தியைப் போடச் சொன்னார்கள். கல்யாணம் நடக்காத மண்டபத்தில் இலை போடும் சத்தம் கேட்டது.

தங்கை என் மடியில் கிடந்தாள். “நான் மறைக்கணும்னு நெனைக்கலக்கா. தெனமும் இன்னைக்குச் சொல்லிரணும்னுதான் போன எடுப்பேன். அவரு சிரிச்சாரா, அப்பறம் எனக்கு வாய் வராது.”

நான் எழுந்தேன். தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு எந்தக் கல்யாண மண்டபத்திலும் கூட்டத்துக்கு நடுவில் நடந்துபோனதில்லை. அன்று போனேன். மாப்பிள்ளை சமையல்கட்டுக்குப் பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றிருந்தார். கழுத்து மாலையைக் கழற்றி டிரம் மேல் வைத்திருந்தார்.

“மாப்ள,” என்றேன். “அவ மேல தப்பு இல்ல. அம்மாதான் வேணாம்னாங்க. அம்மா மேலயும் தப்பு இல்ல. எல்லாம் என்னாலதான். என் கதை மாதிரி அவளுக்கும் ஆயிரும்னு நாங்க பயந்துபோனோம்.”

“முடி போனா சாரமில்லங்க,” என்றார். அவர் கண் சிவந்திருந்தது. “நாலு மாசமா பாறையில நின்னு யாருகூட நான் பேசிக்கிட்டு இருந்தேன்னே தெரியல. இப்ப அதுதான் உறுத்துது.”

அவர் டிரம்மில் தண்ணீர் பிடித்து முகம் கழுவினார். பிறகு என்னைத் தாண்டிக்கொண்டு அறைக்குப் போனார். உள்ளே பதினைந்து நிமிஷம் இருந்திருப்பார். மதினியும் நானும் வெளியே நின்றோம். உள்ளே அவள் அழுவது கேட்டது. அவர் ஏதோ கோபமாகச் சொன்னது கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. என்ன பேசினார்கள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

வெளியே வந்தவர், “அக்கா, வேற நேரம் இருக்கான்னு அய்யர்ட்டக் கேளு,” என்றார்.

உச்சிப்பொழுதில் கட்டலாம், அதற்குத் தோஷமில்லை என்று அய்யர் சொன்னார். அரை மணிதான் இருந்தது. சாப்பிட்டவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். நான் ஓடிப்போய் ஜடையை எடுத்தேன். தங்கை என் கையைப் பிடித்தாள்.

“அது வேணாம்க்கா. சவுரியும் வேணாம்.”

“ஏண்டி, எல்லாருக்கும் முன்னாடி...”

“வேணாம்.”

நான் மதினியைப் பார்த்தேன். அவர் ஆசைப்பட்ட ஜடை. அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முகூர்த்தச் சேலையை அவரே கட்டிவிட்டார். முந்தானையை எடுத்துத் தங்கையின் தலையில் போட்டு, ஊக்குக் குத்தப் போனார். முடியே இல்லாத இடத்தில் எதில் குத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை முயன்றார். பிறகு ஊக்கை என் பக்கம் நீட்டினார்.

“நீ வந்து குத்து. ஒனக்குத்தான் பழகின கை.”

நெத்திச்சுட்டியைத் திரும்பக் கட்டி, அதன் சங்கிலியில் சேலைக் கரையைக் கோத்து, காதருகே இரண்டு பக்கமும் ஊக்கு வைத்தேன். மணப்பெண்ணுக்கு நானே நேரில் அலங்காரம் செய்தது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன். வீங்கிய கண்ணும், கலைந்த மையுமாக, பார்க்கச் சகிக்காமல் இருந்தாள். தாலி கட்டும்போது முந்தானை லேசாக விலகியது. முன்வரிசையில் சிலர் பார்த்துவிட்டார்கள். மாப்பிள்ளை அதைச் சரிசெய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த மண்டபத்துப் பேச்சு போடி முழுக்கச் சுற்றியது. மொட்டைப் பெண்ணை ஏமாற்றிக் கட்டிவைக்கப் பார்த்தவள் என்று என்னைத்தான் சொன்னார்கள். ஜடை கேட்டு வருகிறவர்கள் சில மாதம் வரவேயில்லை. மதினி எங்கள் வீட்டுப் படியேறவில்லை. அம்மா கடையில் காய் பொறுக்கிக்கொண்டே திடீரென்று கையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாளாம். கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். தான் செய்தது தப்பா என்று அவள் என்னிடம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது.

ஆனி மாதம் தங்கையைப் பார்க்க மேலே போனேன். எஸ்டேட் ஆட்கள் ஏறும் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, போடிமெட்டு வரை வளைவுக்கு வளைவு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி போனோம். மேலே விடாத சாரல். எஸ்டேட் ஆட்களுக்காக வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீட்டுக்கு முன்னால் களையெடுக்கப் போகும் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களோடு பேசிக்கொண்டு, கையில் டீ டம்ளரோடு தங்கை நின்றாள். தலையில் ஒன்றும் இல்லை. பின்னந்தலையில் வெள்ளையாகப் பூனைமயிர் முளைத்திருந்தது. மற்ற இடம் வழுக்கைதான். சாரல் அதில் முத்து முத்தாக நின்றது.

நான் கிட்டே போனதும் சுற்றுமுற்றும் பார்த்தேன். என்னை அறியாமலேயே என் கை என் முந்தானையை எடுத்து அவள் தலையில் போட்டது.

அவள் அதை மெல்ல எடுத்து என் தோளிலேயே போட்டாள்.

“இங்க யாரும் பாக்குறது இல்லக்கா,” என்றாள். “நீதான் இன்னும் பாத்துக்கிட்டு இருக்க. வா, டீ ஆறிப்போகும்.”